பழைய லோரியும் அதன் சுமையும்

கழிந்த காலத்தை எண்ணி இன்புறுவது மனித இயல்பு. துன்பம் நிறைந்த நாட்களாயினும், அவை தூரத்தே சென்றபின் ஒருவித ஒளி பெற்றுத் தோன்றுகின்றன. அருகில் நிற்போர்க்குக் கல்லும் முள்ளுமாய்க் காணும் மலை, தொலைவில் நிற்போர்க்கு நீல நிறமாய்த் தெரிவது போன்றதே இது. இவ்வியல்பு நல்லதோ தீயதோ என்று ஆராய்வது என் நோக்கமன்று. இவ்வியல்பினால் நான் பத்தாண்டுகளாகச் செய்து வந்த ஒரு பிழையையும், அப்பிழையை அதிகம் படித்தறியாத என் தமக்கையார் ஒரே கேள்வியால் எடுத்துக்காட்டிய விதத்தையும் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் ஒரு சித்திரக்காரன். ஓவியப் பள்ளி எதிலும் பயின்றவனல்லன். நான் வரைவன பெரும்பாலும் பழைய மோட்டார் லோரிகள். நீண்ட மூக்கும், உருண்டை விளக்குகளும், மரத்தாலான பின்கூடும் உடைய லோரியொன்று, ரப்பர் மரங்களின் நடுவே செம்மண் சடக்கில் நிற்கும். அதிகாலைப் பனி இலைகளுக்கிடையே தேங்கியிருக்கும். பின்னணியில் லயத்து வீடுகள், மாட்டுக் கொட்டகை, முருங்கை மரம், சிறியதொரு மாரியம்மன் கோயில் ஆகியவை தெரியும். இத்தகைய படங்களுக்கு இன்று நல்ல மதிப்பிருக்கிறது. பட்டணங்களில் பழைய பாணியில் அமைக்கப்படும் காப்பிக் கடைக்காரர்கள் வாங்கிச் சுவரில் மாட்டுகின்றனர். தோட்டத்தை விட்டு வந்து அடுக்கு மாடி வீடுகளில் வாழும் நம்மவர் சிலரும் வாங்குகின்றனர். வாங்குவோர் யாவரும் சொல்லும் சொல் ஒன்றே: “ஆகா, அந்தக் காலம்!”

நான் 1952ஆம் ஆண்டில், கெடா மாநிலத்தில் கூலிம் பட்டணத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். என் ஐந்தாம் வயதில் தாயார் காலமானார். என்னிலும் ஏழு வயது மூத்த அக்காள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, முதலில் வீட்டு வேலையையும், பிறகு தந்தையாருக்கு உதவியாகப் பால்வெட்டையும் மேற்கொண்டார். நான் படித்தது அவருடைய உழைப்பினால். இதனை நான் எக்காலத்தும் மறந்ததில்லை, மறந்ததில்லையென்றே எண்ணியிருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு லோரி. அது பெட்போர்ட் லோரி. இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் நிறுவனத்தார் 1931ஆம் ஆண்டிலிருந்து அப்பெயரில் லோரிகளைச் செய்து விற்று வந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அவர்கள் படைகளுக்காகச் செய்தளித்த லோரிகள் மட்டும் ஏறத்தாழ 250,000 ஆகும். எங்கள் தோட்டத்து லோரி 1939இல் முதன்முதல் வெளிவந்த ‘ஓ’ வகையைச் சேர்ந்தது. ஆறு உருளைகள் கொண்ட பெட்ரோல் இயந்திரம் அதற்கு. பின்கூட்டினை உள்ளூர்த் தச்சர் கனத்த பலகைகளால் கட்டியிருந்தனர்.

அந்த லோரி செய்யாத வேலையில்லை. விடியுமுன் பெரட்டு முடிந்ததும், தொலைவிலுள்ள பால்காடுகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடுமாதலால், இருட்டு விலகும்போதே வெட்டு தொடங்கியாக வேண்டும். நடுப்பகலில் காட்டிலிருந்து பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவரும். மாலையில் புகையறைக்கு விறகு சுமக்கும். சம்பளத்துக்கு மறுநாள் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போவோரை ஏற்றும். தீபாவளிக்குத் துணி மூட்டைகள், திருவிழாவுக்கு வாழை மரங்கள், கலியாணத்துக்குப் பெண் வீட்டார் எல்லாம் அதிலேதான். லயத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் அதன் ஓசையைக் கொண்டே நேரம் அறிவோம்.

அதில் நான் முதன்முதலாக ஏறிய நாள் என் நெஞ்சில் அழியாது நின்றது. ஐந்து வயதிருக்கும். இருள் பிரியாத வேளை. யாரோ என்னைப் போர்வையால் சுற்றித் தூக்கி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு கிழவியின் மடியில் உட்கார்த்தினர். லோரி புறப்பட்டது. முன்கண்ணாடியின் வழியே மரங்கள் இரு வரிசையாக ஓடி வந்தன. அவற்றின் உச்சியில் மெல்ல மெல்ல வெளிச்சம் பரவியது. ஓட்டுநர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கோத்து எடுத்துக் கொடுத்தார். உலகமே எனக்காக விடிந்ததுபோல் இருந்தது. இக்காட்சியைத்தான் நான் ‘விடியல்’ என்னும் பெயரில் இருபது முறைக்கு மேல் வரைந்து விற்றிருக்கிறேன்.

சித்திரத் தொழிலுக்கு நான் வந்ததும் லோரியின் வழியாகவே. பள்ளிப் படிப்பு முடிந்தபின், புக்கிட் மெர்தாஜாமில் பெயர்ப்பலகை எழுதும் ஒரு சீனரிடம் வேலைக்கு அமர்ந்தேன். கடைப் பலகைகளைவிட லோரிக் கதவுகளே எங்களுக்கு அதிகமாக வந்தன. இந்நாட்டில் சரக்கு லோரியின் கதவில் உரிமையாளர் பெயரோடு இரண்டு எடைகளையும் எழுத வேண்டும். ஒன்று, சுமையில்லாதபோது வண்டியின் எடை. மற்றொன்று, சுமையோடு கூடிய எடை. முதலில் தாளில் எழுத்துக்களை வரைந்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, தாளைக் கதவின்மேல் ஒட்டிச் சுண்ணப்பொடி தட்டுவோம். தாளை எடுத்தால் புள்ளிகள் நிற்கும். அப்புள்ளிகளைப் பற்றிக்கொண்டு, மணிக்கட்டை ஒரு குச்சியின்மேல் தாங்கி, மயிர் நீண்ட தூரிகையால் எனாமல் சாயத்தை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். மூச்சு ஆடினால் எழுத்து ஆடும்.

முப்பதாண்டுகள் இவ்வாறு எழுதினேன். பிறகு கணினியால் எழுத்துக்களை வெட்டி ஒட்டும் இயந்திரம் வந்தது. ஒரு நாள் வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. தூரிகைக்கு வேலை இல்லாமற் போயிற்று. கை சும்மா இருக்க மறுத்தது. பிள்ளைகள் பழைய காலண்டர் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுக்க, அவற்றின் பின்புறத்தில் லோரிகளை வரையலானேன்.

லோரி வரைவது எளிதென்று எண்ண வேண்டாம். சக்கரத்தை முதலில் சரியாக அமைக்க வேண்டும். பக்கவாட்டில் சற்றே திரும்பிய சக்கரம் வட்டமாகத் தெரியாது, முட்டை வடிவாகத் தெரியும். அவ்வடிவம் நூலளவு கெட்டாலும் வண்டி நொண்டியாகிவிடும். அடுத்தது, வண்டியின் கீழே விழும் நிழல். நிழல் போதிய கருமையாயில்லாவிடில் லோரி தரையில் நில்லாது மிதக்கும். துருவுக்கு ஒரு நிறம் போதாது. காவிமண் நிறம், சுட்ட செம்மண் நிறம், சிறிது ஊதா மூன்றும் வேண்டும். செம்மண் தூசி சக்கரத்திலிருந்து மேல்நோக்கி ஏறும். கூரையில் படிந்த தூசியோ மழையால் கோடு கோடாக இறங்கும். மாசி, பங்குனியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் முன் செம்பொன்னாகச் சிவக்கும். அந்நிறத்தைக் காட்டும் படங்களுக்கு விலை சற்றுக் கூடுதல். இவையெல்லாம் நான் கண்ணால் கண்டு, பிழைத்துத் திருத்திக் கற்றவை. ஆதலால் என் லோரிகளில் குற்றம் காண்பார் எவருமிலர் என்ற செருக்கும் எனக்கு இருந்தது.

சென்ற ஆண்டில், நண்பர்கள் சிலர் கூடி, ஒரு பொது மண்டபத்தில் என் படங்கள் பன்னிரண்டை மாட்டி வைத்தனர். எண்பது வயதை எட்டிய அக்காளையும் அழைத்துச் சென்றேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று நின்று பார்த்தார். கோயிலைக் கண்டு கும்பிட்டார். மாட்டுக் கொட்டகையைக் கண்டு சிரித்தார். கடைசியில் ‘விடியல்’ படத்தின் முன் வந்தார். அங்கே அதிக நேரம் நின்றார்.

“தம்பி, லோரி அப்படியே இருக்கிறது. ஆனால் ஏன் காலியாய் இருக்கிறது?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“எல்லாப் படத்திலும் காலி லோரிதான் போட்டிருக்கிறாய். பின்னாலே நின்ற ஆட்கள் எங்கே?”

நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு லோரிகள். ஒன்றிலும் ஆள் இல்லை. முப்பதாண்டு லோரிகளோடு பழகிய நான், என் கைவேலையிலேயே அதை அப்பொழுதுதான் கண்டேன். பின்சக்கரத்தின் மேலே எஃகு வில்பட்டைகள் உண்டு. சுமை ஏறினால் அவை தட்டையாக அமுங்கும். சுமை இல்லாவிடில் வளைந்து நிற்கும். என் படங்கள் அனைத்திலும் அவை வளைந்தே நின்றன. கதவுகளில் இரண்டு எடைகளையும் தவறாமல் எழுதிய கை, படங்களில் ஓர் எடையை மட்டுமே வரைந்திருந்தது!

வீடு திரும்பியபின் அக்காள் மற்றதைச் சொன்னார். நான் போர்வைக்குள் இருந்து விடியல் கண்ட அந்நாள், எங்கள் தாயார் இறந்த நாள்.

பிரசவ வேதனை நள்ளிரவில் கண்டது. இரத்தம் நிற்கவில்லை. அனுமதியின்றி இரவில் லோரியை எடுக்கக் கூடாதென்பது தோட்டத்துக் கட்டளை. தந்தையாரும் கங்காணியும் பங்களாவுக்கு நடந்தனர். விடியட்டும் என்ற பதிலே வந்தது. பெரட்டு வேளையில் அனுமதி கிடைத்தது. ஆனால் முதலில் ஆட்களைப் பால்காட்டில் இறக்கிவிட்டுப் பிறகே பட்டணத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டதும் லோரியில் ஏறியிருந்த ஆட்கள், ஒருவர் சொல்லாமலே, ஒவ்வொருவராய்க் கீழே குதித்தனர். “நாங்கள் நடந்து போகிறோம், நீ போ” என்று ஓட்டுநரிடம் சொல்லி, வாளிகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடந்தனர். தாயாரைச் சாக்கு விரித்துப் பின்கூட்டில் கிடத்தினர். தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்காள் உட்கார்ந்தார். அவருக்கு அப்பொழுது வயது பன்னிரண்டு. பட்டணத்துக்கு முன்னுள்ள பாலத்தருகே உயிர் பிரிந்தது. ஓட்டுநர் எனக்குப் பிஸ்கோத்து கொடுத்தது, நான் அழுது கேட்டுப் பின்பக்கம் திரும்பாமலிருப்பதற்காக.

“நீ முன்னாலே இருந்தாய். நான் பின்னாலே இருந்தேன்” என்றார் அக்காள். அவ்வளவுதான்.

“இத்தனை ஆண்டுகளாக ஏன் சொல்லவில்லை, அக்கா?”

“நீ அந்தச் சவாரியைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு பிள்ளைக்காவது அது சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன். இப்பொழுது அதைப் படமாகப் போட்டு ஊருக்கெல்லாம் விற்கிறாய். அதனால்தான் கேட்டேன்.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் ஞாபகம் பொய் என்று சொல்ல முடியாது. மரங்கள் ஓடி வந்ததும், வெளிச்சம் பரவியதும் உண்மை. ஆனால் அது முன்னிருக்கையின் உண்மை. பின்கூட்டின் உண்மையை மறைத்துக்கொண்டே அது இத்தனை காலம் ஒளி வீசிற்று.

இஃது என் ஒருவன் கதையாக இருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. தோட்டத்து லோரிகள் சுமந்த பாரத்தை எண்ணிப் பாருங்கள். ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை போடுவதற்கென நம்மவரைத் தோட்டங்களிலிருந்து கொண்டு சென்றனர். அவர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. பலர் தம் லயத்தை கடைசியாகப் பார்த்தது லோரியின் பின்கூட்டில் நின்றுதான். 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில், சிதறிக் கிடந்த லயங்களைக் காலி செய்து, முள்வேலிக்குள் குடும்பங்களைக் கொண்டு சேர்த்ததும் லோரிகளே. காட்டில் இருப்போர்க்கு உணவு போய்ச் சேருமென்று அஞ்சி, வேலைக்குச் செல்வோர் சோறு கொண்டுபோகவும் பல இடங்களில் தடை இருந்தது. அவர்கள் வெறும் வயிற்றோடு லோரி ஏறினர். பிறகு தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் காலம் வந்தது. அதைத் தடுக்கத் தொழிலாளரின் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தைத் துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தோற்றுவித்தார். ஆயினும் துண்டாடலாலும், பின்னர் ரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்பும் வந்ததாலும் வெளியேறிய குடும்பங்கள் பல. பாயும் பானையும் கோழிக்கூடுமாக அவர்கள் வெளியேறியதும் லோரியிலேதான்.

இத்தனையும் ஏற்றிய வண்டியைக் காலியாக வரைந்து, அழகென்று சுவரில் மாட்டலாமா? லோரி நமக்குக் கிடைத்தது; ஏறியவர்களை இழந்துவிட்டோம் என்பதன்றோ அதன் பொருள்? லாட் என்னும் புகழ்பெற்ற ஓவியர் 1979இல் வெளியிட்ட ‘கம்போங் பாய்’ என்னும் சித்திர நூலில், பேராக் கம்பத்துச் சிறுவனின் விளையாட்டையும் குறும்பையும் காட்டினார். அதனோடு, ஈயம் தோண்டும் பெரிய கப்பலையும் அதே நூலில் வரைந்தார். கம்பத்தின் இன்பம் அதனால் குறைந்துவிடவில்லை. அதனை இழப்பதன் வருத்தம் நமக்குப் புலனாயிற்று.

நான் புதிய படமொன்று வரையத் தொடங்கினேன். அக்காள் எதிரே நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல வரைந்தேன். முதலில் எல்லாரையும் சோகமே உருவாக எழுதினேன். அவர் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார்.

“அழுகிற முகமாகப் போடாதே. நாங்கள் லோரியில் அழுதுகொண்டா போனோம்? பாடுவோம், ஏசுவோம், ஒருத்தியை ஒருத்தி கேலி பண்ணுவோம். குளிருக்கு ஒட்டி நிற்போம். வயிறு காய்ந்தாலும் வாய் ஓயாது.”

இதனையும் நான் அறியாதிருந்தேன். அழகாக்குவது ஒரு பொய்யென்றால், அழுகையாக்குவது இன்னொரு பொய். முகங்களை அழித்து மீண்டும் எழுதினேன். தலைத்துணி கட்டும் விதம் பெண்ணுக்குப் பெண் வேறுபடும் என்றார். பால் வாளிகளைப் பலகைக்கு வெளியே தொங்கவிடுவார்கள் என்றார். ஆயாக் கொட்டகையில் விடக் கொண்டுபோகும் கைக்குழந்தையைத் தாய் நடுவில் நின்று பிடித்திருப்பாள், ஓரத்தில் ஆண்கள் கயிற்றைப் பிடித்து நிற்பார்கள் என்றார். ஒவ்வொன்றையும் அவ்வாறே வரைந்தேன். வில்பட்டைகளைத் தட்டையாக அமுக்கினேன். சக்கரத்தின் கீழ் நிழலை இன்னும் கருமையாக்கினேன். அப்பொழுதுதான் லோரி தரையில் ஊன்றி நின்றது.

என்னிடம் வழக்கமாகப் படம் வாங்கும் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். நல்லவர்; விலையில் குறை வைத்ததில்லை. “படம் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் சாப்பிட வருகிறவர்கள் இத்தனை பேர் தங்களைப் பார்ப்பதை விரும்ப மாட்டார்கள். பழைய மாதிரி காலி லோரியே நான்கு வரைந்து கொடுங்கள்” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. சாப்பிடுகிறவர்க்கு நிம்மதி வேண்டும் என்பது அவர் தொழில். ஆனால் நான்கு படங்களின் பணம் என் வீட்டுக்கு இரண்டு மாதச் செலவுக்கு ஆகும். ஒரு வாரம் யோசித்தேன். பிறகு, இனி காலி லோரி வரைவதில்லை என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். வீட்டில் சிறிது முணுமுணுப்பு எழுந்தது. அதுவும் நியாயமே.

வாசகர்களே! பழையதை விரும்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து விடியற்காலை அழகானதுதான். அதனை மறுப்பவன் அங்கே பிறந்தவனாயிருக்க மாட்டான். ஆனால் அவ்வழகை நாம் கண்டது, யாரோ ஒருவர் பின்னால் நின்று பாரத்தைத் தாங்கியதால். நம்மிற் பலர் முன்னிருக்கையில் பிஸ்கோத்து தின்று வளர்ந்தவர்கள். அந்தப் பாரத்தைத் தாங்கிய தாய்மாரும் அக்காள்மாரும் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் கேளாமல் சொல்ல மாட்டார்கள். நம் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று வாய்மூடி இருப்பார்கள். அவர்கள் போனபின், சுவரில் காலி லோரிதான் மிஞ்சும். ஆதலால் இன்றே அவர்கள் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதுங்கள், வரையத் தெரிந்தவர் வரையுங்கள்.

அந்தப் படம் இப்பொழுது அக்காள் வீட்டில் இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் ஒவ்வோர் உருவத்தையும் விரலால் தொட்டு, இவள் இன்னாள், இவர் இன்னார் என்று சொல்வார். நான் படத்தைத் திருப்பி, துணியின் பின்புறத்தில் அப்பெயர்களை எழுதி வருகிறேன். பதினெட்டுப் பேரில் பதினொருவர் பெயர் கிடைத்துவிட்டது. மற்றவர்களின் பெயரை அவர் நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம், காலையில் கண் விழித்தவுடன் ஒரு பெயர் ஞாபகம் வந்ததென்று தொலைபேசியில் கூப்பிட்டார். தூரிகையை எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டேன்.